நாலாம் கிணற்றில் இரவு ஷிஃப்ட்

அடியக்கமங்கலம் தாண்டி வயலுக்கு நடுவில்
நாலாம் கிணறு. தண்ணீர் இல்லை, எண்ணெய்.
ராத்திரி முழுக்கக் குழாய் நுனியில் தீ எரியும்.
அந்த வெளிச்சத்தைப் பகலென்று நம்பி
நெல் தூங்காமல் நிற்கும்.

ரமிரோ அர்ஜென்டினாக்காரன். துளை போடுகிற வேலை.
நான் அவனுக்கு டிரைவர்.
திருவாரூரிலிருந்து போகும்போதும் வரும்போதும்
ஜீப்பில் ஒரே பாட்டு.
ஏழாம் நாள் கேட்டேன்:
என்னதான்யா சொல்றான் இவன்?

அவனிடம் பாதி இங்கிலீஷ், என்னிடம் பாதி.
சேர்த்தாலும் முழுசாகவில்லை.

ஒருத்தன் தெருமுனையில் நிற்கிறான். மழை.
அவள் போய்விட்டாள்.
போகும்போது சீப்பை மறந்துவிட்டாள்.
அந்தச் சீப்போடு பேசிக்கொண்டிருக்கிறான்.

அவ்ளோதானா?
அவ்வளவுதான் என்றான்.
வெட்டாற்றுப் பாலத்தில் வண்டியை நிறுத்தச் சொன்னான்.

துறைமுகத்துப் பாட்டாம் அது.
கப்பல் கப்பலாக வந்து இறங்கிய ஆம்பிளைகள்,
அறைக்கு எட்டுப் பேர், குழாய்க்கு நாற்பது பேர்.
ஆட்டம் பழகப் பெண் கிடைக்காமல்
ஆணும் ஆணும் பிடித்துப் பழகினார்களாம்.
மடியில் வைத்து இழுத்து விரிக்கிற அந்தப் பெட்டி
ஆர்கன் வாங்க வழியில்லாத மாதா கோயிலுக்கென்று
ஜெர்மனியில் செய்தது;
கப்பலேறிச் சாராயக்கடைக்கு வந்து
அழக் கற்றுக்கொண்டதாம்.
சொல்லைத் தலைகீழாய்ப் புரட்டி ஒரு பேச்சு வேறு:
தாங்கோ என்றால் கோதாங்.

எனக்குச் சிரிப்பு.
நாங்களும் எழுத்துக்கு எழுத்து 'க' போட்டிருக்கிறோம்.
கவாகடா, கபோகலாகம்.
கணக்கு வாத்தியாருக்குக் கடைசிவரை தெரியாது.

அன்றைக்குக் குழாய் சிக்கி வேலை நின்றது.
தீ வெளிச்சத்தில், சேற்றில்,
ரமிரோ என்னைப் பெண்ணுக்கு நிறுத்தினான்.
அவன் முன்னால் வருவான்,
நான் பின்னால் போக வேண்டும், அவ்வளவுதான் ஆட்டம்.
மூன்று எட்டு. விழுந்தேன்.
ஹெல்மெட் போட்ட பதினாறு பேரும் கைதட்டினார்கள்.

வேட்டியாக இருந்தால் உதறியிருப்பேன். பேன்ட்டு.
சேறு காய்கிறவரை நிற்கையில்
தையல்நாயகி ஞாபகம்.
நடவு நாளில் குனிந்தபடி, பின்பக்கமாகவே,
முதுகில் கண் இருப்பதுபோல்
ஒரு மா நிலத்தை நடந்து தீர்ப்பாள்.
ஒரு நாள் விழுந்து பார்த்ததில்லை.
எதிரே வளர்ந்துகொண்டே போகும் பச்சை.

ரமிரோ, அவ என்ன சொன்னா?
யார்?
சீப்பை விட்டுட்டுப் போனவ.
யோசித்தான்.
பாட்டில் அவள் பேசுவதில்லை.
ஒரு வரி?
ஒரு வரிகூட.

தீ காற்றில் சாய்ந்து நிமிர்ந்தது.
அவனே சொன்னான், யாரிடமோ சொல்வதுபோல்:
கப்பலேறி வந்தவன்தான் விட்டுவிட்டு வந்தவன்.
கரையில் ஒருத்தி நின்றாள்.
இங்கே வந்து குடித்துவிட்டு
அவள் போய்விட்டாள் என்று பாட்டுக் கட்டினான்.

நான் மஸ்கட்டில் ஆறு வருஷம்.
வந்த நாலாம் மாசம் அவள் திருப்பூர் போனாள்.
சீப்பை மறக்கவில்லை. ஒன்றையும் மறக்கவில்லை,
ரேஷன் கார்டில் தன் பெயரை நீக்கிவிட்டே போனாள்.
ஓடிப் போயிட்டா என்று டீக்கடையில் சொன்னேன்,
இரண்டு வருஷம்,
ராகம் மாறாமல்.

விடியற்காலையில் போன் போட்டேன்.
பின்னால் தையல் மிஷின்கள் மழைபோல.
என்ன, என்றாள்.
ஒண்ணுமில்ல. நீ பேசு.
நான் என்ன பேசுறது?
எதையாவது.

ரொம்ப நேரம் மிஷின் சத்தம்.
பிறகு,
அம்மா வீட்டு மோட்டாருக்கு ஆள் விட்டியா, என்றாள்.
இன்னும் விடலை என்றேன்.
விட்டுட்டுப் பேசு என்று வைத்துவிட்டாள்.

ஜீப்பில் ரமிரோ தூங்கிக்கொண்டிருந்தான்.
பாட்டை அணைத்தேன்.
மோட்டார் மெக்கானிக் கடை திறக்க
இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது.